வலிக்காத கட்டியும் விளக்கெண்ணெயும்

கேள்வி: வயது 27. பல்லடம் பக்கம் விசைத்தறி ஓட்டுகிறேன். வலது விரையில் நிலக்கடலைப் பருப்பு அளவுக்குக் கெட்டியாக ஏதோ தட்டுப்படுகிறது. வலி இல்லை. பாவு பீம் (நூல் சுற்றிய கனமான உருளை) தூக்கியதால் வந்ததா? சூடு, விளக்கெண்ணெய் தடவு என்கிறார்கள் கூட்டாளிகள். புற்றுநோயா என்று நானே பார்த்துத் தெரிந்துகொள்ள முடியுமா?

பதில்: தம்பி, வலி இல்லையே என்று நீங்கள் சும்மா இருந்துவிடக் கூடாது. விரைப் புற்றுநோய் பெரும்பாலும் வலிக்காமல்தான் தொடங்கும். 15 முதல் 40 வயதுக்குள்தான் அதிகம் வரும். பீம் தூக்கியோ சூட்டாலோ வருவதல்ல. எண்ணெய்க்குக் கரையவும் கரையாது.

கைக்குத் தெரிவது கட்டி உண்டா என்பது மட்டும். அது புற்றா என்பதை ஸ்கேன்தான் சொல்லத் தொடங்கும். வெந்நீரில் குளித்ததும் விரைப்பை தளர்ந்திருக்கும், அப்போது பாருங்கள். ஒவ்வொரு விரையாக, கட்டைவிரல் மேலேயும் இரண்டு விரல் அடியிலும் வைத்து, அழுத்தாமல் உருட்டுங்கள். அவித்து உரித்த முட்டை போல வழவழவென்று இருக்க வேண்டும். பின்பக்கம் மெத்தென்று சுருளாக ஒன்று தட்டுப்படும். அது விந்து முதிரும் குழாய். கட்டி என்று பலரும் பயப்படுவது அதைத்தான். ஒரு விரை சற்றுப் பெரிதாகவோ, கொஞ்சம் இறங்கியோ இருப்பதும் இயல்பே. விரையிலேயே ஒட்டிய கெட்டி, புதிதாக ஏறிய கனம், அடிவயிற்றில் மந்தமான இழுப்பு இருந்தால் விடக் கூடாது. மாதம் ஒருமுறை பார்த்தால் போதும். தினமும் பிசைந்தால் வலியும் பயமும்தான் மிஞ்சும். பிறக்கும்போது விரை இறங்காதவர்கள், ஆபரேஷன் செய்திருந்தாலும், கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

டார்ச் அடித்து வெளிச்சம் ஊடுருவினால் நீர் கோத்த வீக்கம் என்பார்கள். சரிதான், ஆனால் அந்த நீருக்குப் பின்னால் கட்டி ஒளிந்திருக்கலாம்.

ஆகவே இந்த வாரமே யூராலஜி (சிறுநீர்ப் பாதை, ஆண் உறுப்பு நோய்) டாக்டரிடம் போங்கள். விரைப்பை ஸ்கேனும், ஏ.எஃப்.பி., பீட்டா எச்.சி.ஜி., எல்.டி.எச். என்ற, புற்றுக்குத் துப்புத் தரும் ரத்தப் பரிசோதனைகளும் எடுப்பார்கள். விரைப்பை வழியாக ஊசி குத்திச் சோதனைக்குச் சதை எடுக்க மட்டும் சம்மதிக்காதீர்கள். புற்றணுக்கள் வேறு பாதையில் பரவ அது வழி திறந்துவிடும். புற்று என்றால் தொடை இடுக்குக்கு மேலே கீறி விரையை எடுப்பார்கள். மீதமுள்ள ஒன்று நன்றாக இருந்தால் தாம்பத்தியத்துக்கும் குழந்தைக்கும் பெரும்பாலும் போதும். கீமோ (புற்றை அழிக்கும் மருந்துச் சிகிச்சை) தேவைப்பட்டால் முன்னதாகவே விந்தைச் சேமித்து வைக்கக் கேளுங்கள். நோய் பரவிய பிறகும் பலரைச் சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்து சேர்ந்த சிகிச்சை முழுதாகக் குணப்படுத்துகிறது.

தீபாவளி ஆர்டர் முடியட்டும் என்று தள்ளாதீர்கள். டாக்டரிடம், ‘அந்த இடத்துல’ என்று இழுக்காமல், ‘வலது விரையில் வலிக்காத கட்டி’ என்றே சொல்லுங்கள்.