குளத்தில் வளராமல் நிற்பது வெளிநாட்டு நண்டா?

கேள்வி: ஐயா, பழவேற்காடு ஏரியை ஒட்டி ஒன்றரை ஏக்கரில் சேற்று நண்டு வளர்க்கிறேன். வியாபாரியிடம் வாங்கி விட்ட குஞ்சில் பாதி நன்றாக ஏறிவிட்டது, மீதி 150 கிராமிலேயே நிற்கிறது. அதன் நிறமும் வேறு. வெளிநாட்டு நண்டு புகுந்து நம் நண்டை அழிப்பதாக வீடியோ பார்த்தேன். இது அந்த நண்டா? மடைப் பலகையில் காக்கா ஆழி என்கிற கறுப்புச் சிப்பி அப்பிக் கிடக்கிறது. அதைத் தீனியாகப் போடலாமா?

பதில்: அது வெளிநாட்டு நண்டு இல்லை, நம் ஏரியின் சிவப்புச் சேற்று நண்டு. கொடுக்குக்கு முந்தின மூட்டின் வெளிப்பக்கத்தைப் பாருங்கள். கூரான முள் இரண்டு எடுப்பாக நின்றால் பச்சை நண்டு. முள் ஒன்றே இருந்து, அதுவும் மழுங்கியிருந்தால் சிவப்பு. பச்சை நண்டுக்குக் கடைசித் துடுப்புக் கால்வரை வலைப்பின்னல் கோலம் தெரியும், சிவப்புக்கு அது மங்கல். பச்சை நண்டு இரண்டு கிலோவைத் தாண்டும். சிவப்பு ஒரு கிலோவைத் தொடுவதே அரிது. எவ்வளவு தீனி போட்டாலும் இந்த வித்தியாசம் மாறாது. அதோடு சிவப்பு நண்டு வளை தோண்டும். கரையில் நீர் கசிந்தால் காரணம் அதுவாக இருக்கலாம். இரண்டையும் கலந்து வைத்தால் சட்டை உரித்த சின்ன நண்டைப் பெரியது தின்றுவிடும். இன்றே பிரியுங்கள்.

வீடியோவில் சொல்வதும் பொய் இல்லை. ஐரோப்பாவின் கரை நண்டு கலிஃபோர்னியாவின் போடேகா விரிகுடாவுக்குள் வந்த மூன்றே ஆண்டில், அங்கிருந்த சிறு கரை நண்டு ஐந்தில் ஒன்று, பத்தில் ஒன்று என்ற அளவுக்கு இறங்கிவிட்டது. ஆனால் உங்கள் வாசலில் நிற்கும் அந்நியன் நண்டு இல்லை. நீங்கள் தீனி என்று நினைக்கிறீர்களே, அந்தக் காக்கா ஆழிதான். தென் அமெரிக்கக் கரையைச் சேர்ந்தது. கப்பல் வழியாக வந்திருக்க வேண்டும். நார்விட்டு ஒன்றோடொன்று பின்னிச் சேற்றின்மேல் பாய் விரித்ததுபோல் மூடிவிடும். கீழே இறால் பதுங்க முடியாது, மட்டி மூச்சுவிட முடியாது, நண்டு வளை தோண்ட முடியாது. ஏரியில் நண்டு குறைந்ததற்குக் காரணம் தேடுவதானால் முதலில் இங்கே தேடுங்கள்.

தீனியாகப் போட வேண்டாம். நண்டு உடைத்துத் தின்னும்தான். ஆனால் எண்ணூர்ப் பக்கத்துக் கழிமுகத்தில் அனல் மின் நிலையச் சாம்பல் படிந்திருக்கிறது. நீரை வடிகட்டியே வாழும் ஆழி அதிலுள்ள உலோகத்தையும் உடம்பில் சேர்த்துக்கொள்ளும். ஏரியிலிருந்து உயிரோடு அள்ளிவந்தால் குளத்துக்குள் நீங்களே விதைத்ததாகவும் ஆகும்.

இதற்கு மருந்து என்று கடைக்காரர் மயில்துத்தத்தையோ பிளீச்சிங் பவுடரையோ நீட்டினால் வாங்காதீர்கள். நீரில் மருந்து பட்டதும் ஆழி தன் ஓடுகளை இறுக மூடிக்கொண்டு நாள்கணக்கில் காத்திருக்கும். நண்டால் செவுளை அப்படி மூடிக்கொள்ள முடியாது. முதலில் சாவது உங்கள் நண்டு, அடுத்து மடைக்கு வெளியே அடுத்தவர் வலையில் விழ வேண்டிய இறால். நண்டு இருக்கும் குளத்தில் இந்தச் சரக்கை விற்பது அநியாயம்.

மடையில் சல்லடை வலை கட்டினாலும் தீராது. அதன் இளம்புழு கால் மில்லிமீட்டர்தான், நீரோடு உள்ளே வந்துவிடும். மழைக்குச் செத்துவிடும் என்றும் நம்பாதீர்கள். உப்பு மெதுவாக மாறினால் ஆயிரம் பங்கு நீரில் 2 முதல் 40 பங்கு உப்பு வரை தாங்கும். குளத்தைக் காயவிடுவதும் ஆழியைச் சுரண்டி எடுப்பதும்தான் வழி. மடையின் உட்புறம் நீருக்குள் பழைய கூரை ஓடு ஒன்றைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு, வாரம் ஒருமுறை தூக்கி விரலால் தடவிப் பாருங்கள். கடுகளவில் சொரசொரப்பு தட்டினால் அன்றே பலகை, குழாய், வேலி வலை எல்லாவற்றையும் சுரண்டுங்கள். நார் தடித்துவிட்டால் பலகையே பெயர்ந்து வரும். சுரண்டியதை ஏரியில் தள்ளாதீர்கள். ஓதம் ஏறாத மேட்டில் முழங்கால் ஆழக் குழி வெட்டி, சுண்ணாம்பு தூவி மூடுங்கள். அறுவடை முடிந்ததும் தரை பாளம் பாளமாக வெடிக்கும் வரை குளத்தைக் காயவிடுங்கள். ஈரம் நிற்கும் பள்ளங்களை மட்டும் கையால் அள்ளுங்கள்.

அடுத்த முறை குஞ்சு விடக் கிலோக் கணக்கில் கலந்து தரும் வியாபாரியிடம் போகாதீர்கள். கொடுக்கு ஒடிந்ததும் சிவப்பும் கலந்துதான் வரும். சீர்காழி அருகே தொடுவாயில் ராஜீவ் காந்தி நீருயிரி வளர்ப்பு மையத்தின் நண்டுக் குஞ்சுப் பொரிப்பகம் இருக்கிறது. அங்கே பொரிப்பது பச்சை நண்டு மட்டுமே. முன்கூட்டியே பதிவு செய்யுங்கள்.