அட்டை கடித்தால் வுழூ முறியுமா?

அன்புள்ள சேர், அஸ்ஸலாமு அலைக்கும்.

எனக்கு ஊர் நாவலப்பிட்டி, வேலை கண்டியில். கொஞ்ச காலமாக மார்க்கத்தை ஒழுங்காகப் படிக்கப் பார்க்கிறேன். எங்கள் பள்ளி மௌலவியிடம் ஏதும் விளக்கம் கேட்டால், "மூஸா நபி கேள்வி கேட்டுத்தான் ஹிழ்ர் அலைஹிஸ்ஸலாம் அவரை அனுப்பிவிட்டாங்க. அதபா, மரியாதையா இருங்க தம்பி" என்கிறார். அதனால் யூடியூபில் பயான், மார்க்கச் சொற்பொழிவு கேட்டுக் குறிப்பெடுக்கிறேன். வேன் ஒன்றை லீசிங்கில் எடுக்கலாமா என்று நாலு மௌலவிமாருக்கு வாட்ஸ்அப் பண்ணினேன். இரண்டு பேர் கூடாது என்றார்கள். ஒருவர் கூடும் என்றார். நாலாமவர் "தெரியாது, பார்த்துச் சொல்கிறேன்" என்றவர்தான், இன்னும் பதில் இல்லை. தெரியாது என்பவர் எதற்கு மௌலவி? கேள்வி கேட்பது அதபுக் குறைவா? பயான் கேட்கும்போது, தொழுகைக்குப் போலக் கைகால் முகம் கழுவி வுழூ செய்திருக்க வேண்டுமா?

எம்.

வஅலைக்கும் ஸலாம் எம்.,

வுழூ இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் குற்றமில்லை. லீசிங் பற்றி நான் வாய் திறக்க மாட்டேன், கதை எழுதுகிறவனிடம் கேட்கிற விஷயமா அது? யூடியூபைக் கேளுங்கள், யார் வேண்டாமென்றது? ஆனால் உங்களுக்கு விளங்கவில்லை என்பதை உங்கள் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடித்து, அது பேச்சை நிறுத்தாது.

மூஸா நபி, ஹிழ்ரிடம் அறிவு கற்க அவருடன் பயணம் போன கதைக்கு வருகிறேன். இதைச் சொல்லி எத்தனை பிள்ளைகளின் வாயை அடைத்துவிட்டார்கள்! வெள்ளிக்கிழமை தோறும் இந்தக் கதை வரும் குர்ஆனின் கஹ்ஃப் ஸூராவை ஓதுகிறோம், கதையைப் பாதியில் விட்டுவிடுகிறோம். "நானாக எடுத்துச் சொல்லும் வரைக்கும் எதையும் கேட்க வேண்டாம்" என்பதுதான் ஹிழ்ர் போட்ட நிபந்தனை. சொல்லமாட்டேன் என்று அவர் எங்கே சொன்னார்? ஹிழ்ர் கப்பலில் ஓட்டை போட்டதும் மூஸா நபி என்ன சொன்னார்கள் என்று பாருங்கள். "இதில் இருப்பவர்களை மூழ்கடிக்கவா ஓட்டை போட்டீர்? பாரதூரமான காரியம் செய்துவிட்டீர்!" கேள்வி முடியுமுன்னே தீர்ப்பு வந்துவிட்டது. ஹிழ்ர் ஒரு சிறுவனைக் கொன்றபோதும் அப்படித்தான். மூன்றாவது முறை, சுவரை நிமிர்த்தியதற்குக் கூலி வாங்கியிருக்கலாமே என்றதும் பிரிவு வந்தது. பிரியும்போதாவது ஹிழ்ர் சும்மா அனுப்பினாரா? கப்பலுக்கும் சிறுவனுக்கும் சுவருக்கும் ஒவ்வொன்றாகக் காரணம் சொல்லிவிட்டுத்தான் அனுப்பினார். 78ஆம் ஆயத்திலிருந்து 82 வரைக்கும் அந்த விளக்கம்தான். காரணம் சொல்லாமல் மாணவனை விரட்டுவதற்கு இந்தக் கதையில் ஆதாரம் கிடையாது. அவசரப்படாதே என்பதற்கு இருக்கிறது. உங்கள் மௌலவி உங்களிடம் பொறுமையை எதிர்பார்க்கலாம். அதற்குப் பிறகு விளக்கம் சொல்லும் கடமை அவருக்கு உண்டு.

இவ்வளவும் உங்கள் பக்கம். இனி ஏச்சு. "தெரியாது என்பவர் எதற்கு மௌலவி?" இந்த வரியைப் படித்ததும் எனக்குச் சுர்ரென்று வந்தது.

நான் ஓதியது டிக்கோயாப் பக்கம் ஒரு சின்னப் பள்ளியில். தேயிலைக்குள்ளால் குறுக்கு வழி. மழை நாளில் பள்ளி வாசலுக்கு வந்து சாரனைத் தூக்கினால் கெண்டைக்காலில் அட்டை தொங்கும். சவுக்காரத்தைத் தேய்த்தால் விழுந்துவிடும், ஆனால் இரத்தம் நிற்காது. வெள்ளைச் சாரனில் மெல்லிய கோடாக இறங்கிக்கொண்டே இருக்கும். ஒருநாள் எங்களுக்கு ஓதித்தந்த லெப்பையிடம் கேட்டேன், அட்டை குடித்தால் வுழூ முறியுமா என்று. அவர் குர்ஆன் வைத்து ஓதும் ரேஹாலை மூடி வைத்துவிட்டு என் காலைப் பார்த்தார். "நம்மட மத்ஹபுல இரத்தம் வந்தா முறியாது. ஆனா அட்டைக்கு வேற ஏதும் சொல்லியிருக்காங்களா எண்டு தெரியா மகன். கேட்டுட்டு வந்து சொல்றன்."

அத்தனை பிள்ளைகளுக்கு முன்னால் சொன்னார். பிறகு ஹட்டனில் ரயில் ஏறிக் கம்பளைக்குப் போய் ஓர் ஆலிமிடம் விசாரித்துக்கொண்டு வந்தார். எங்கள் சட்ட வழியான ஷாஃபிஈ மத்ஹபில் முறியாது, இன்னொரு மத்ஹபான ஹனஃபி கிதாபுகளில் அட்டைக்கென்றே சட்டம் இருக்கிறது, வயிறு நிரம்பக் குடித்திருந்தால் முறியும் என்றார். கேட்ட நானே அதற்குள் கேள்வியை மறந்து போயிருந்தேன். அவர் மறக்கவில்லை. என்னைப் பெயர் சொல்லி எழுப்பி நிறுத்தித்தான் பதிலைச் சொன்னார்.

உலகம் முடியும் கியாமத் நாள் எப்போது என்று வானவர் ஜிப்ரீல் கேட்டபோது, "கேட்பவரைவிடக் கேட்கப்படுபவர் அதை நன்கு அறிந்தவர் அல்ல" என்றார்கள் நபியவர்கள். ஆறு மாதப் பயணத் தூரத்திலிருந்து கேள்வி கொண்டுவந்தவரிடமே இமாம் மாலிக் எனக்குத் தெரியாது என்று சொல்லி அனுப்பினார்கள். உங்களுக்கு மட்டும் நீல டிக் விழுந்ததும் ஃபத்வா, மார்க்கத் தீர்ப்பு வர வேண்டும், இல்லையா? நாலு பேரிடம் கேட்டது எதற்கு என்று நீங்களே யோசியுங்கள். கூடும் என்ற அந்த ஒருவர் முதலிலேயே கிடைத்திருந்தால் மற்ற மூன்று பேருக்கும் அனுப்பியிருப்பீர்களா?

உங்களுக்கு வாய்த்தவர் அந்த நாலாமவர்தான், அவரை விட்டுவிடாதீர்கள். திரும்ப வாட்ஸ்அப் பண்ணாமல் நேரில் போங்கள். நபியவர்களின் சாச்சாவின் மகன் இப்னு அப்பாஸ், ஒரு ஹதீஸைக் கேட்பதற்காக மதீனாவைச் சேர்ந்த ஓர் அன்ஸாரித் தோழரின் வீட்டு வாசலில் மேலாடையைத் தலைக்கு வைத்துப் படுத்துக் காத்திருந்தார்கள். காற்றில் புழுதி முகத்தில் அடித்தது. ஆளனுப்பியிருந்தால் நானே வந்திருப்பேனே என்று அந்தத் தோழர் பதறினார். வர வேண்டியவன் நான்தான் என்றார்கள் இப்னு அப்பாஸ். நீங்கள் பஸ்ஸில் போகலாம்.

போகும்போது லீசிங் ஒப்பந்தத்தின் போட்டோ பிரதியை எடுத்துக்கொள்ளுங்கள். வாகனம் யார் பெயரில் இருக்கும், தவணை பிந்தினால் என்ன அறவிடுவார்கள் என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது. நாலு பேருக்கும் ஒற்றை வரியில் கேட்டிருப்பீர்கள், நாலு பதில் வராமல் என்ன செய்யும்? வியாழன் பின்னேரம் மட்டும் போக வேண்டாம், அவருக்கு ஜும்ஆவுக்கு ஆயத்தம் பண்ண இருக்கும்.