பால் பல்லுக்கு எந்த கேப் நல்லது?

கேள்வி: ஆறு வயதாகும் என் மகளுக்குக் கீழ்த்தாடையின் இரண்டாவது கடைவாய்ப் பால் பல்லில் சொத்தை ஆழமாகப் போய், வேர் சிகிச்சை செய்திருக்கிறோம். ஸ்டீல் கேப் போதும் என்கிறார் மருத்துவர். மகளோ வெள்ளை கேப் கேட்கிறாள். விழப்போகிற பல்லுக்கு கேப் தேவையா?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: தேவைதான். முன்பற்கள் ஆறேழு வயதில் விழத் தொடங்கினாலும், நீங்கள் குறிப்பிடும் பல் 10 முதல் 12 வயது வரை இருக்க வேண்டியது. அது முன்னதாகவே போய்விட்டால், பின்னால் முளைக்கும் நிரந்தரக் கடைவாய்ப் பல் முன்னோக்கி நகர்ந்து, அடியிலிருந்து வரவேண்டிய பல்லின் இடத்தை அடைத்துக்கொள்ளும். மேலும், வேர் சிகிச்சைக்குப் பிறகு பல்லின் சுவர்கள் மெலிந்துவிடுவதால், வெறும் அடைப்பை மட்டும் நம்பி விட்டுவிட்டால் பல் உடைய வாய்ப்புண்டு.

எந்த கேப் என்பதை நிறத்தைவிட, அது பல்லில் எப்படி நிற்கிறது என்பதை வைத்தே முடிவு செய்ய வேண்டும். 1950 முதல் குழந்தைகளுக்குப் பொருத்தப்பட்டு வரும் ஸ்டீல் கேப்பின் விளிம்பை மருத்துவர் குறடால் சற்று உள்நோக்கி வளைப்பார். ஈறருகே பல் புடைத்திருக்கும் இடத்தைத் தாண்டி அது ‘டக்’கென்று இறங்கிக் கவ்விக்கொள்ளும். உள்ளே பூசும் கிளாஸ் அயனோமர் சிமெண்ட், பல்லுடன் வேதியியல் முறையில் ஒட்டி இடைவெளியை அடைப்பதோடு, சிறிதளவு ஃபுளோரைடையும் வெளியிடுகிறது.

வெள்ளை ஜிர்கோனியா கேப் பீங்கான் வகையைச் சேர்ந்தது, வளையாது. அதனால் பல்லைக் கூடுதலாகச் சீவி, கேப்பை அழுத்தாமல் வைக்க வேண்டியிருக்கிறது. பிடிப்பின் பெரும்பகுதி சிமெண்டின் பொறுப்பாகிவிடுகிறது. அளவு பார்க்கும்போது உட்புறத்தில் எச்சிலோ, சீவியதால் ஈறிலிருந்து கசியும் இரத்தமோ பட்டால் ஒட்டும் திறன் குறையும் என்பதால், அளவு பார்ப்பதற்கென்றே தனி கேப் தரும் நிறுவனங்களும் உண்டு. வாயைத் திறந்தபடி நெடுநேரம் அசையாமல் உட்காரும் குழந்தைக்கு இது சரிப்படும். ஆறு வயதில் அப்படி எத்தனை பேர் உட்காருவார்கள்?

முன்பல்லாக இருந்தால் மகளின் விருப்பத்துக்கே என் வாக்கு. கடைவாய்ப் பல்லுக்கு ஸ்டீலே போதும், விலையும் குறைவு. அதில் நிக்கல் கலந்திருப்பதால், அவளுக்கு நிக்கல் ஒவ்வாமை இருந்தால் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: மிட்டாய் மெல்லும்போது மகனின் ஸ்டீல் கேப் கழன்று வந்துவிட்டது. வீட்டிலேயே ஒட்டலாமா?
– ஒரு வாசகர், விருதுநகர்

பதில்: கூடாது. கடைப் பசை வாய்க்குள் போடத் தக்கதல்ல. தவிர, உள்ளே புதிய சொத்தை இருந்தால் அதையும் சேர்த்து மூடிவிடுவீர்கள். கேப்பைக் கழுவி ஒரு டப்பாவில் போட்டு, ஓரிரு நாளில் மருத்துவரிடம் கொண்டுபோங்கள். நெளியாமல் இருந்தால், பழைய சிமெண்டைச் சுரண்டிவிட்டு அதையே மீண்டும் ஒட்ட முடியும். எப்போதாவது கழன்ற கேப் கைக்கு அகப்படாமல், குழந்தைக்கு விடாத இருமலோ மூச்சுத்திணறலோ வந்தால், பல் மருத்துவரைத் தேடாமல் நேரே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள்.