கூத்தும் வீடும் – கடிதம்

அன்புள்ள அக்கா,

வங்கியில் வேலை செய்கிறேன். மகளுக்கு ஆறு வயது, மகனுக்கு மூன்று. சின்ன வயதிலிருந்தே கூத்தென்றால் எனக்கு உயிர். கலியாணத்தோடு விட்டிருந்தேன். இந்த வருடம் எங்கள் பகுதியில் தென்மோடிப் பாணியில் கூத்தொன்று பழக்குகிறார்கள். அதைப் பழக்குகிற அண்ணாவியார் வீட்டுக்கே வந்து கூப்பிட்டு, இரண்டாம் ராசா வேடம் தந்தார். ஐந்தரைக்கு வேலையால் வந்து, கிழமையில் நாலு நாள் ஆறரைக்குப் போனால் திரும்பப் பத்து மணியாகும். மகளுக்குச் சனிக்கிழமை ரியூசன் என்பதால் அன்றும் அவளோடு இருக்க முடிவதில்லை. படலையடியில் நின்று “அப்பா, இண்டைக்கும் போறியளோ?” என்று கேட்கிறாள். போனால் மனம் வீட்டில் நிற்கிறது. போகாமல் நின்றால் பிள்ளைகளில் எரிந்து விழுகிறேன். மனைவி நல்லவ, ஒன்றும் சொல்லமாட்டா. பிள்ளைகள் வளரும்வரை கூத்தை விட்டுவிடவா?

பெயர் வேண்டாம்,
குருநகர்

அன்புள்ள தம்பி,

விட வேண்டாம். மகன் ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் எழுதவே இன்னும் ஏழு வருடம் இருக்கிறது. பிறகு சாதாரண தரம், உயர்தரம். பிள்ளைகள் வளர்ந்து முடிந்துவிட்டார்கள் என்று யாழ்ப்பாணத்தில் எந்தத் தகப்பனும் ஆறுதலாக இருந்ததை நான் காணவில்லை. ராசா வேடத்துக்கு வேண்டிய குரலும் காலும் அதுவரை நிற்குமா? விட்டுவிட்டு வீட்டில் இருந்தால் என்ன நடக்கும் என்பதையும் நீங்களே எழுதிவிட்டீர்கள்.

ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது வேறொரு வரி. “மனைவி நல்லவ, ஒன்றும் சொல்லமாட்டா.” உங்களுக்கு என்ன ஆசை, அண்ணாவியாருக்கு என்ன தேவை, மகள் என்ன கேட்கிறாள் என்பதெல்லாம் கடிதத்தில் இருக்கிறது. அவவைப் பற்றி அந்த ஒரு வரிதான். நீங்கள் போன பிறகு மகளின் கொப்பியைப் பார்ப்பதும், மகனுக்குத் தீத்துவதும், கோப்பை கழுவுவதும், விடியத் தேவையான வெள்ளைச் சீருடையை மினுக்குவதும் அவதான். அந்த மூன்றரை மணித்தியாலத்தைப் பிள்ளைகளிடமிருந்து எடுத்ததாக நினைத்து வருந்துகிறீர்கள். அதில் பெரும்பகுதி அவவின் நேரம். பிள்ளைகள் அழுது கேட்பார்கள், அதனால் அவர்களின் கணக்கு உங்களுக்குத் தெரிகிறது. அவ கேட்காததால் அது செலவே இல்லை என்று ஆகிவிடாது.

கலியாணத்துக்கு முன் அவ என்ன செய்துகொண்டிருந்தா? பாடினாவா, தைத்தாவா, சிநேகிதிகளோடு சைக்கிளில் திரிந்தாவா? கிழமையில் ஒரு பின்னேரமும் சனிக்கிழமைக் காலையும் அவவுக்கென்று இருக்கட்டும். அந்த நேரத்தில் பிள்ளைகளைக் குளிக்கவார்த்து, சாப்பாடு கொடுத்து, முழுதாக நீங்களே பாருங்கள். சட்டை எங்கே, பால்மா எத்தனை கரண்டி என்று அவவுக்கு ஃபோன் எடுக்காதீர்கள். யாழ்ப்பாணம் பொது நூலகத்தில் சிறுவர் பகுதி இருக்கிறது. இரண்டு பிள்ளைகளையும் அங்கே கூட்டிக்கொண்டு போகலாம்.

ஆறு வயதுப் பிள்ளைக்குச் சனிக்கிழமை ரியூசன் எதற்கு என்று எனக்கு உண்மையாகவே விளங்கவில்லை. ஓய்வும் விளையாட்டும் பிள்ளையின் உரிமை என்கிறது ஐ.நா. சிறுவர் உரிமைச் சமவாயத்தின் 31ஆம் உறுப்புரை. இலங்கை 1991இலேயே அதை ஏற்றுக்கொண்டது. அப்பாவுக்கு நேரமில்லை என்று வருந்துகிற வீட்டில் பிள்ளைக்கும் நேரமில்லாமல் செய்திருக்கிறோம். நிறுத்திவிடுங்கள்.

அவள் கேட்பது “இண்டைக்கும்” என்று. எந்த நாள் போவீர்கள், எந்த நாள் நிற்பீர்கள் என்று அவளுக்குத் தெரியாது. சுவர்க் கலண்டரில் அவளைக் கொண்டே போகிற நாள்களுக்குச் சிவப்பு வட்டம் போடச் சொல்லுங்கள். வட்டமில்லாத நாளில் யார் கூப்பிட்டாலும் போகாதீர்கள். முன்கூட்டித் தெரிந்த பிரிவைச் சின்னப் பிள்ளைகள் தாங்குவார்கள். ஐந்தரையிலிருந்து ஆறரை வரை ஃபோன் அலுமாரிக்குள் இருக்கட்டும்.

நாலு நாளும் தேவைதானா என்று அண்ணாவியாரிடம் கேட்டுப் பாருங்கள். ஒரே ராசாவை ஒருவர்பின் ஒருவராக இரண்டு மூன்று பேர் ஆடுகிற கூத்து அது. முதலாம் ராசாவின் கட்டம் பழக்கும் நாளில் நீங்கள் அங்கே நிற்கத் தேவையில்லை. உங்கள் கட்டத்தை எட்டு மணிக்குப் பிறகு வைக்க முடியுமென்றால் இன்னும் நல்லது. மூன்று, நாலு வயதுப் பிள்ளைகளுக்குப் பகல் தூக்கத்தோடு சேர்த்து 10 முதல் 13 மணித்தியாலத் தூக்கம் வேண்டுமென்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது. மகனை எட்டு மணிக்கு நீங்களே படுக்கவைத்துவிட்டுப் போகலாம்.

வெள்ளிக்கிழமை ஒத்திகை இருந்தால் மகளையும் கூட்டிப் போங்கள். அடுத்த நாள் பள்ளிக்கூடம் இல்லை. கூத்து மேடைக்கு முன்னால் பாய் விரித்து, விடிய விடியப் பார்த்து, இடையில் அந்தப் பாயிலேயே தூங்கி வளர்ந்த பிள்ளைகள்தான் எங்கள் கரையோர ஊர்களில் பிறகு வேடம் கட்டினார்கள். அவளும் ஆட வேண்டுமென்று இதைச் சொல்லவில்லை. அப்பா போகிற இடம் எது, அங்கே அந்த மத்தளத்துக்கு என்ன செய்கிறார் என்று அவளுக்குத் தெரியட்டும். அலுத்தால் அரைவாசியில் வீட்டுக்குக் கொண்டுவந்து விடுங்கள். கோபிக்காதீர்கள்.

அரங்கேற்றம் எப்போதென்று எழுதுங்கள், நானும் வருகிறேன். அதற்கு முன் மனைவியிடம் அவவுக்கு எந்தப் பின்னேரம் வேண்டுமென்று கேளுங்கள். “எனக்கு ஒண்டும் வேண்டாம்” என்றுதான் முதலில் சொல்லுவா. அடுத்த கிழமையும் கேளுங்கள்.

அன்புடன்,
அக்கா