பிக்காடிலி சிறகுப் பையன் யாரு?

கேள்வி: லண்டன் பிக்காடிலி சர்க்கஸ்ல ஒத்தக் கால்ல வில்லோட நிக்கிற சிலை, ஷாஃப்ட்ஸ்பரி பிரபுங்கற கொடையாளருக்கு வச்ச நினைவுச் சின்னம்னு சொல்றாங்க. ஆனா பார்த்தா சிறகு வச்ச பையன் மாதிரில்ல இருக்கு?

பதில்: பையனே தான். ஏஞ்சலோ கொலரோஸின்னு பேரு, சிற்பி ஆல்ஃப்ரட் கில்பர்ட்டோட ஸ்டுடியோவுல உதவிக்கு இருந்த இத்தாலியக் குடும்பத்துப் பையன், மாடலா நின்னப்ப 15, 16 வயசு இருக்கும், அவங்க அப்பாவும் அந்தக் காலத்துப் பெரிய ஓவியர்களுக்கெல்லாம் போஸ் குடுத்தவர் தான்.

1885ல ஷாஃப்ட்ஸ்பரி இறந்தார். வழக்கமா என்ன பண்ணுவாங்க, அவரையே உசரமா ஒரு பீடத்துல ஏத்தி நிக்க வச்சிடுவாங்க, அப்படி ஒண்ணு வெஸ்ட்மின்ஸ்டர் அபேங்கற லண்டன் தேவாலயத்துக்குள்ள பளிங்குல இருக்கு. கில்பர்ட் அந்த வழிக்கே போகல, ஆளை விட்டுட்டு அவரோட குணத்தை எடுத்துக்கிட்டார், தன்னலமில்லாத அன்பைக் காட்ட கிரேக்கப் புராணத்து ஆன்டெரோஸ்ங்கற சிறகு வச்ச தேவனைச் செஞ்சார். ஜனங்க இன்னிக்கும் ஈரோஸ்னு தான் சொல்றாங்க, அது அவனோட சகோதரன் பேரு.

எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சது அந்த மாடலோட வயசு தாங்க. ஷாஃப்ட்ஸ்பரி வருஷக்கணக்கா மல்லுக்கட்டினது வேலைக்குப் போற பசங்களுக்காக. 1842ல வந்த சட்டம் 10 வயசுக்குக் கீழ உள்ள பையன்களையும், எந்த வயசுப் பொண்ணுங்களையும் சுரங்கத்துக்குள்ள இறக்கக் கூடாதுன்னு தடுத்துச்சு, 1847ல வந்தது துணி ஆலைங்கள்ல பெண்களுக்கும் 13லேருந்து 18 வயசுப் பிள்ளைங்களுக்கும் ஒரு நாளைக்கு 10 மணி நேரத்துக்கு மேல வேலை கிடையாதுன்னு சொல்லிச்சு. கொலரோஸியும் அதே வயசுல வேலைக்கு வந்த பையன் தானே. கில்பர்ட் யோசிச்சு செஞ்சாரோ இல்லையோ, இதைவிடப் பொருத்தமான ஆள் கிடைச்சிருக்க மாட்டான்.

கேள்வி: மாடல்னா சும்மா நிக்கிறது தானே, அதுல என்ன கஷ்டம்? அவ்ளோ பெரிய சிலை ஒத்தக் கால்ல எப்படி நிக்குது?

பதில்: நீங்களே ஒத்தக் கால் விரல் நுனில ஊனி, இன்னொரு காலைப் பின்னாடி தூக்கி, ஒரு கையை முன்னாடி நீட்டி நின்னு பாருங்க. கெண்டைக்கால் சதை இறுகி நடுங்க ஆரம்பிச்சிடும், தோள் தானா இறங்கிடும். சிற்பிக்கு அந்த இறுக்கம் தான் வேணும், எந்தத் தசை எங்க புடைக்குது, இடுப்பு எந்தப் பக்கம் சாயுதுன்னு சுத்திச் சுத்திப் பார்த்து களிமண்ல பிடிக்கணும், மாடல் தளர்ந்துட்டா ஓய்வு குடுத்துட்டு மறுபடி அதே எடத்துல அதே மாதிரி நிக்க வைக்கணும். இதைப் போய் சும்மான்னு சொல்லாதீங்க.

சிலை நிக்கிறதுக்குக் காரணம் அலுமினியம். கீழ இருக்கற நீரூற்று வெண்கலம், மேல பையன் மட்டும் அலுமினியத்துல வார்த்தது. வெண்கலத்தோட எடையில மூணுல ஒரு பங்கு கூட வராது, அதனால தான் அந்த ஒத்தக் கணுக்கால் தாங்குது. 1886ல தான் அலுமினியத்தை மலிவா பிரிச்செடுக்கற முறையே கண்டுபிடிச்சாங்க, சிலை திறந்தது 1893ல, உலகத்துலயே முதன்முதலா அலுமினியத்துல வார்த்த பெரிய சிலைகள்ல இது ஒண்ணு.

கேள்வி: சிற்பிக்கு நல்ல காசு கிடைச்சிருக்குமே?

பதில்: கைக்காசு தான் போச்சு. குடுத்தது 3,000 பவுண்டு, செலவானது 7,000. கடன் மேல கடன் ஏறி 1901ல திவாலாகி பெல்ஜியத்துக்கே போயிட்டார் மனுஷன். 1926ல திரும்பி வந்தார், 1932ல சர் பட்டம் குடுத்தாங்க.