ஆங்கில மரபுத்தொடர்களின் பொருள் தெரிந்தும் பேசும்போது ஏன் பிசகுகிறது?

பொருளை மட்டும் நெட்டுரு போடுவதால்தான். யாரிடம் சொல்லலாம், எவ்வளவு கனமான விஷயத்துக்குச் சொல்லலாம், எந்தச் சொல்லை மாற்றக்கூடாது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

‘கிக் த பக்கெட்’ என்றால் இறந்துபோதல் என்று எல்லாப் பட்டியலும் சொல்லும். அது ‘மண்டையைப் போட்டான்’ ரகப் பேச்சு என்பதைச் சொல்லாது. இரங்கல் செய்தியில் எழுதினால் வம்புதான்; அங்கே ‘பாஸ்ட் அவே’ போதும். இந்தத் தொடர் இறுகியதும்கூட. ‘த’வை ‘எ’ ஆக்கினாலோ, செயப்பாட்டுவினையில் திருப்பினாலோ, நிஜமாகவே யாரோ வாளியை உதைத்ததாக ஆகிவிடும். ஆனால் ‘ஸ்பில் த பீன்ஸ்’ (ரகசியத்தை உளறுவது) வளைந்துகொடுக்கும்: ‘த பீன்ஸ் வேர் ஸ்பில்ட்’ என்கிறார்கள். காரணம், பீன்ஸ் ரகசியத்துக்குப் பதிலாக நிற்கிறது; பக்கெட் எதற்குப் பதிலாகவும் நிற்கவில்லை. சந்தேகம் வந்தால் இப்படிப் பிரித்துப் பாருங்கள், பெரும்பாலும் விடை கிடைத்துவிடும்.

அளவிலும் தப்பு நடக்கும். ‘அண்டர் த வெதர்’ சளி, தலைவலி மாதிரி லேசான சுகவீனத்துக்கு. பெரிய அறுவை சிகிச்சை முடிந்து படுத்திருப்பவருக்குப் பொருந்தாது. ‘ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்’ மிக அபூர்வமாக நடப்பதற்கு. மாதாமாதம் செய்வதற்கு அல்ல. (ஒரே மாதத்தின் இரண்டாவது பௌர்ணமிதான் ப்ளூ மூன் என்ற விளக்கம், 1946-ல் ஓர் அமெரிக்க வானியல் இதழில் வந்த பிழையிலிருந்து பரவியது. தொடர் அதைவிடப் பழையது.)

‘புல்லிங் யுவர் லெக்’ என்றதும் நமக்குக் ‘காலை வாரிவிடுவது’ நினைவுக்கு வரும். ஆங்கிலத்தில் அது விளையாட்டுக்குப் பொய் சொல்லிச் சீண்டுவது மட்டுமே. கூட இருந்தே கவிழ்ப்பதற்கு ‘ஸ்டாப் இன் த பேக்’ (முதுகில் குத்துவது) இருக்கிறது. முதலைக் கண்ணீர், கைகழுவுதல் இரண்டும் அங்கும் அப்படியே, கவலையில்லை.

‘பீட் அபவுட் த புஷ்’ (சுற்றிவளைத்துப் பேசுவது) பிரிட்டன் வழக்கு, ‘அரவுண்ட்’ அமெரிக்க வழக்கு. எதைச் சொன்னாலும் புரியும். நிஜமான கண்ணி ‘டேபிள்’ என்ற வினை. அலுவல் கூட்டத்தில் ஒரு பொருளை ‘டேபிள்’ செய்வது பிரிட்டனில் விவாதத்துக்கு எடுப்பது, அமெரிக்காவில் ஒத்திப்போடுவது. இரு நாட்டாரும் இருந்தால் அந்தச் சொல்லையே தவிர்த்துவிடுங்கள்.

‘ரெய்னிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்’ (மழை கொட்டித் தீர்ப்பது) பயிற்சி நூல்களின் செல்லப்பிள்ளை. இன்றைய பேச்சில் பழைய வாடை அடிக்கும். கற்போருக்கான அகராதிகள் இத்தகையவற்றுக்கு ‘ஓல்ட் ஃபேஷண்ட்’ என்றும், பேச்சுவழக்குக்கு ‘இன்ஃபார்மல்’ என்றும் பொருளுக்கு முன்பே குறித்திருக்கும். முதலில் அதைப் பாருங்கள். பிறகு பொருளை அல்ல, ஒரு முழு வாக்கியத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ‘ஹீ காட் கோல்ட் ஃபீட் பிஃபோர் த வெட்டிங்’ என்று எழுதி வைத்தால், சும்மா பயந்தவனுக்கு அது ஆகாது, ஒப்புக்கொண்ட காரியத்தில் கடைசி நேரத்தில் பின்வாங்கத் துடிப்பவனுக்கே ஆகும் என்பது அந்த வாக்கியத்திலேயே தெரிந்துவிடும்.