பெல்வியூ: கொடுப்பினையா, வரிப்பணமா?

அன்புள்ள அண்ணா,

சென்னையில் மென்பொருள் வேலையில் இருக்கிறேன். அடுத்த ஆண்டு என்னை அமெரிக்காவில், சியாட்டிலுக்குப் பக்கத்திலுள்ள பெல்வியூ அலுவலகத்துக்கு மாற்றுவதாகச் சொல்கிறார்கள். ஏற்கெனவே அங்கே போய்விட்ட நண்பன் ஏரியும் பனிமலையுமாகப் படம் அனுப்பிக்கொண்டே இருக்கிறான். அந்த ஊர்க்காரர்களுக்கு இயற்கை எல்லாவற்றையும் வாரிக் கொடுத்திருக்கிறது, நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை என்று வீட்டில் பேசிக்கொண்டோம். மனைவியும் வேலைக்குப் போகிறாள். மகளுக்கு நான்கு வயது. நீங்கள் அங்கேயே இருப்பவர் என்பதால் கேட்கிறேன். வாழ்க்கை நிஜமாகவே எப்படி? எந்தப் பகுதியில் வீடு பார்க்கலாம்? குளிருக்கு இங்கிருந்து என்னென்ன வாங்கி வர வேண்டும்?

எஸ்., சென்னை

அன்புள்ள எஸ்.,

வீடு, குளிர் எல்லாம் அப்புறம். கொடுப்பினை என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்.

பெல்வியூ இரண்டு ஏரிகளுக்கு நடுவே இருக்கிறது. மேற்கே வாஷிங்டன் ஏரி, அதன் மறுகரையில் சியாட்டில். கிழக்கே சமாமிஷ் ஏரி, அதற்கப்பால் காஸ்கேட் மலைத்தொடர். மலை இயற்கை கொடுத்தது, ஒப்புக்கொள்கிறேன். ஏரி விஷயம் அப்படியில்லை. கரையைச் சுற்றியிருந்த பல ஊர்கள் 1950களில் தங்கள் கழிவுநீரைச் சுத்திகரித்து வாஷிங்டன் ஏரியில்தான் விட்டன. சுத்திகரித்த பிறகும் அந்த நீரில் பாஸ்பரஸ் மிச்சமிருந்தது. அது போதும், நீலப்பச்சைப் பாசி மண்டிவிட்டது. வாஷிங்டன் பல்கலைக்கழகப் பேராசிரியர் எட்மண்ட்சனின் குழு 1955-இல் அந்தப் பாசியைக் கண்டுபிடித்து, இப்படியே விட்டால் ஏரி கெட்டுப்போகும் என்று எச்சரித்தது. நீரின் தெளிவை அளக்க ஒரு வட்டத் தட்டைக் கயிற்றில் கட்டி இறக்குவார்கள். எந்த ஆழத்தில் அது கண்ணுக்கு மறைகிறதோ அதுதான் கணக்கு. 1964-இல் ஒரு மீட்டர் இறங்குவதற்குள்ளேயே தட்டு மறைந்துவிட்டது. கோடையில் கரையோரம் நாற்றம் வேறு.

பெல்வியூவில் குடியிருந்த ஜேம்ஸ் எல்லிஸ் என்ற வழக்கறிஞர்தான் இதைக் கையில் எடுத்தவர்களில் முக்கியமானவர். எல்லா ஊர்களுக்கும் பொதுவாகக் கழிவுநீர், போக்குவரத்து, ஊரமைப்பு மூன்றையும் பார்க்க ஓர் அமைப்பு என்பது திட்டம். 1958 மார்ச்சில் வாக்கெடுப்புக்கு விட்டார்கள். தோற்றது. தோற்கடித்தது சியாட்டில் இல்லை, இன்று ஏரிக்கரை வீட்டுக்குக் கொட்டிக் கொடுக்கிற இந்தப் புறநகர்கள்தான்! போக்குவரத்து, ஊரமைப்பு இரண்டையும் கழற்றிவிட்டு, கழிவுநீர் மட்டும் என்று சுருக்கி அதே செப்டம்பரில் மறுபடி கேட்டபோது ஜெயித்தது. 1963 தொடங்கி 1968-க்குள் கழிவுநீர் முழுவதையும் ஏரியிலிருந்து திருப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வீடு மாதாமாதம் கட்டணம் கட்டினார்கள். 1970களின் பிற்பாதியில் அதே தட்டு ஐந்தாறு மீட்டர் ஆழத்திலும் தெரிந்தது. உங்கள் நண்பர் அனுப்பும் படத்துக்குப் பின்னால் இந்தக் கட்டண ரசீதுகளும் இருக்கின்றன.

அதே எல்லிஸ் 1968-இல் ரயிலுக்கும் கேட்டார். பாதிக்குச் சற்று மேலே வாக்கு விழுந்தது, ஆனால் சட்டப்படி 60 சதவீதம் வேண்டும். 1970-இல் மறுபடி கேட்டு, அதுவும் போயிற்று. இந்த ஊருக்கு வரவேண்டிய மத்திய அரசுப் பணம் அட்லாண்டாவின் மெட்ரோவுக்குப் போனது. பெல்வியூவில் ரயில் ஓடத் தொடங்கியது 2024 ஏப்ரலில். நடுவில் அரை நூற்றாண்டு போய்விட்டது. மாலை ஐந்து மணிக்கு 405 நெடுஞ்சாலையில் நகராமல் நிற்கும்போதெல்லாம் எனக்கு அந்த 60 சதவீதம்தான் ஞாபகம் வரும்.

கொடுப்பினைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. இது ஸ்ட்ராபெரி விளைந்த ஊர். மரங்களை வெட்டிய காட்டில் அடிக்கட்டைகளைப் பிடுங்கி நிலமாக்கியவர்களில் பலர் ஜப்பானியக் குடும்பங்கள். இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் எதிரி நாடானதும், 1942-இல் அரசு அவர்களைத் தடுப்பு முகாம்களுக்குக் கொண்டுபோனது. அதோடு ஸ்ட்ராபெரித் திருவிழாவும் நின்றது. போனவர்களில் பெரும்பாலோர் திரும்பி வரவில்லை. 1953-இல் பெல்வியூ நகரமானது. இன்று இங்கே பத்துக்கு நாலு பேர் வெளிநாட்டில் பிறந்தவர்கள். விசாவில் வரப்போகிற நீங்களும் இதைத் தெரிந்துகொண்டு வருவது நல்லது.

சரி, வீடு. இரண்டு ஏரிகளுக்கு நடுவே நிலம் குறுகல். 1990-இல் வந்த மாநிலச் சட்டப்படி நகரம் பரவ ஓர் எல்லைக்கோடு போட்டிருக்கிறார்கள். அதைத் தாண்டி அடுக்கடுக்காகக் கட்ட முடியாது. அரை மணி நேரத்தில் காட்டுக்குள் போய்விட முடிவது அதனால்தான். சாதாரணத் தனிவீடே பத்து லட்சம் டாலரைத் தாண்டி நிற்பதற்கும் அதுவே ஒரு காரணம். இரண்டையும் சேர்த்தே வாங்கிக்கொள்ள வேண்டும். சம்பளத்துக்கு மாநில வருமான வரி கிடையாது என்று உங்களிடம் பெருமையாகச் சொல்லியிருப்பார்கள். விற்பனை வரி பத்து சதவீதத்துக்கு மேல் என்பதையும் சொன்னார்களா?

முதல் வருடம் வாடகைக்கே இருங்கள். ஏரி தெரிகிறதா என்று பார்க்காதீர்கள், ரயில் நிலையத்துக்கு நடக்க முடிகிறதா என்று பாருங்கள். ஸ்பிரிங் டிஸ்ட்ரிக்ட், ஓவர்லேக், ரெட்மண்ட் பக்கம் தேடலாம். வாடகை கட்டுப்படியாகவில்லை என்றால் கிராஸ்ரோட்ஸ் பகுதியின் பழைய அடுக்ககங்களைப் பாருங்கள். அங்கேயிருக்கும் அங்காடியில் இடுப்புயரக் காய்களை வைத்துச் சதுரங்கம் ஆடுவார்கள். ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பாக்கள் சுற்றி நின்றுகொண்டு, கேட்காமலேயே யோசனை சொல்வார்கள். எனக்கு இந்த ஊரில் மிகவும் பிடித்த இடம் அது, மலையெல்லாம் அப்புறம்தான். சியாட்டிலில் மட்டும் வீடு எடுத்துவிடாதீர்கள். ஏரி ஆழம், அடியில் சேறு. அதனால் பாலங்களே மிதவைப் பாலங்கள், அவையும் ஏரியைக் கடக்க இரண்டே இடங்களில்தான். ஒன்றில் சுங்கமும் உண்டு, நெரிசல் நேரத்தில் கூடுதலாக.

மனைவியின் வேலை பற்றி நீங்கள் நேரடியாகக் கேட்கவில்லை, ஆனால் அதுதான் முதல் கேள்வியாக இருந்திருக்க வேண்டும். நிறுவனம் தன் ஊழியரையே இடம் மாற்றுவதற்கான எல்-1 விசாவில் அனுப்பினால் அவர் வந்தவுடனேயே வேலை தேடலாம். எச்-1பி என்ற வேலை விசா என்றால் அவருக்கு, குடும்பத்தினருக்கான எச்-4 கிடைக்கும். பொதுவாக உங்கள் பச்சை அட்டைக்கான (நிரந்தரக் குடியுரிமை அனுமதி) ஐ-140 மனு ஒப்புதலாகி, அதன்பின் அவருக்குத் தனி அனுமதி வரும்வரை வீட்டில்தான். நன்றாகப் படித்து நன்றாகச் சம்பாதித்துக்கொண்டிருந்த பெண்கள், டிசம்பரில் நாலரை மணிக்கே இருட்டிவிடும் ஒரு வீட்டில் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன். ஏரிக்கரை அவர்களுக்கு ஒன்றும் செய்துவிடாது. எந்த விசா என்பதைச் சம்மதம் சொல்வதற்கு முன் எழுத்தில் வாங்குங்கள். மகளுக்கு ஆகஸ்ட் 31-க்குள் ஐந்து வயது நிறைந்தால் அந்தச் செப்டம்பரில் அரசுப் பள்ளியில் சேர்க்கலாம், கட்டணம் இல்லை. அதுவரை மழலையர் பள்ளிச் செலவு வாடகையோடு போட்டி போடும்.

குளிருக்கு அங்கே எதுவும் வாங்க வேண்டாம். பனிப்பொழிவு அதிகமில்லை. மழை சென்னையைவிடக் குறைவுதான். உங்களுக்கு ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர், எங்களுக்கு 1,000 சொச்சம். என்ன, நீங்கள் சில வாரங்களில் கொட்டி முடித்துவிடுவீர்கள், இங்கே அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரை தூறிக்கொண்டே இருக்கும். குடை பிடிப்பவர்கள் குறைவு. தலைமூடி வைத்த மழைச்சட்டை ஒன்று போதும், வந்த வாரத்தில் நண்பரையே கூட்டிப்போய் வாங்கித் தரச் சொல்லுங்கள். இவ்வளவு படம் அனுப்பியவர் அதைச் செய்ய மாட்டாரா?